இணையத்தின் நியமங்களை எழுதுபவர்கள்: இலட்சியமும் பொறுப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தர மாணவர்களுக்கு வலையமைப்புப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நடப்பொழுங்கு, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் புரோட்டோகோல், என்ற அலகு தொடங்கியதும் ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. பிள்ளைகளை ஏற்றிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று சிலவற்றைக் கேட்பதுண்டு. கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளைத் தந்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

ரீச்சர், நியமம் எண்டால் சட்டமா? மீறினால் பிடிப்பாங்களா?

நமது துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவையும் வலப்புறம் பச்சை மிதவையும் வழிகாட்டுகின்றன. அமெரிக்கக் கண்டங்களிலும் யப்பானிலும் இது நேர்மாறு. 1980 இல் கடல்சார் நாடுகள் கூடி மிதவைகளை ஒழுங்குபடுத்தியபோது இந்த ஒரு விடயத்தில் இரு வழக்கங்களையும் ஒன்றாக்க முடியவில்லை. உலகம் இரண்டு வலயங்களாகவே விடப்பட்டது. சிவப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் இயற்கையான சரி பிழை எதுவும் இல்லை. ஒரே வாய்க்காலில் எல்லோரும் ஒன்றையே பின்பற்றாவிட்டால் கப்பல் தரைதட்டும் என்பதே அதன் பலம்.

இணைய நியமங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பின்பற்றுமாறு எவரையும் எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. பின்பற்றாத கருவியோடு மற்றக் கருவிகள் பேசமாட்டா, தண்டனை அவ்வளவுதான்.

இதெல்லாம் அமெரிக்க அரசாங்கம் எழுதினதுதானே?

பணம் தொடக்கத்தில் அங்கிருந்து வந்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களும் ஆய்வாளர்களும். 1969 ஏப்ரல் 7 ஆம் திகதியிட்ட முதலாவது ஆவணத்தை எழுதிய ஸ்டீவ் குரோக்கர் அப்போது ஒரு பட்டப்பின்படிப்பு மாணவர். தான் தங்கியிருந்த வீட்டில் உறங்குபவர்களைக் குழப்பாதிருக்க, இரவில் குளியலறைக்குள் இருந்து அதை எழுதியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். மூத்தவர்கள் யாராவது வந்து ‘உங்களுக்கு யார் இந்த அதிகாரத்தைத் தந்தது’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்தில், அந்த ஆவணங்களுக்குக் ‘கருத்துகளுக்கான வேண்டுகோள்’ என்று பணிவான பெயர் வைக்கப்பட்டது. ஆர்.எஃப்.சி. என்ற மூன்றெழுத்தின் விரிவு அதுதான். ஒன்பதாயிரத்தைத் தாண்டிய பிறகும் பெயர் மாறவில்லை.

இன்று அவற்றில் பெரும்பகுதி 1986 இல் தொடங்கிய இணையப் பொறியியல் செயற்படை என்ற அமைப்பின் ஊடாக வருகிறது. வலைப்பக்கங்களுக்கான நியமங்களை 1994 இல் டிம் பேர்ணர்ஸ் லீ தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பும், எழுத்துகளின் குறியீடுகளை யூனிகோட் கூட்டமைப்பும் கவனிக்கின்றன. கீழே ‘செயற்படை’ என்று வருமிடமெல்லாம் முதலில் சொன்ன அமைப்பையே குறிக்கும்.

வாக்கெடுப்பு இல்லை எண்டு புத்தகத்தில கிடக்கு. அப்ப முடிவை ஆர் எடுக்கிறது?

செயற்படைக்கு உறுப்பினர் என்று எவரும் இல்லை. ஆகவே வாக்காளர் பட்டியலும் கிடையாது. 1992 இல் டேவிட் கிளார்க் ஆற்றிய உரையில், அரசர்களையும் ஜனாதிபதிகளையும் வாக்கெடுப்பையும் நிராகரிக்கிறோம், ஓரளவான உடன்பாட்டையும் ஓடுகின்ற நிரலையும் (அதாவது உண்மையில் இயங்கிக்காட்டும் மென்பொருளையும்) நம்புகிறோம் என்ற பொருளில் சொன்ன வாசகம் இன்றுவரை அவர்களின் தாரக மந்திரமாக இருக்கிறது. கூட்டத்தில் கருத்தறிய வேண்டுமானால் தலைவர் ‘இதற்கு உடன்படுகிறவர்கள் முனகுங்கள்’ என்பார். அறையில் எழும் ‘ம்ம்ம்’ ஒலியின் கனத்தை வைத்து நிலைமையை மதிப்பிடுவார்.

இதைச் சொன்னவுடன் வகுப்பு முழுவதும் முனகத் தொடங்கிவிடும். ஆனால் அதன் உள்ளே ஒரு நல்ல தர்க்கம் இருக்கிறது. 2014 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7282 சொல்வதன்படி, எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையைவிட, எழுப்பப்பட்ட ஆட்சேபத்துக்குப் பொறியியல் ரீதியான பதில் கிடைத்துவிட்டதா என்பதே முக்கியம். நூறு பேர் ஆதரித்தாலும் ஒருவரின் நியாயமான ஆட்சேபம் பதிலின்றி நின்றால் உடன்பாடு இல்லை. நூறு பேரை ஒரு நிறுவனம் அனுப்பலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். எனினும், உரக்க முனகவும் ஆங்கிலத்தில் வாதாடவும் கூச்சமில்லாதவர்களுக்கே அந்த அறை வசதியானது என்பதையும் மறைக்கக் கூடாது.

இவங்களுக்கு உண்மையாவே இலட்சியம் இருக்கோ, இல்லாட்டி கம்பனிச் சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆக்களோ?

இரண்டும் உண்மை. செயற்படையின் விதிப்படி ஒவ்வொருவரும் தனிநபராகவே பங்குபற்றுகிறார். ஆனால் விமானச் சீட்டையும் விடுதிக் கட்டணத்தையும் சம்பளத்தையும் பெரும்பாலும் தொழில்தருநர் செலுத்துகிறார். தன்னைத் தனிநபர் என்று ஒருவர் மனமார நம்பினாலும், தன் நிறுவனத்துக்குப் பெருநட்டம் தரும் யோசனையை எத்தனை முறை ஆதரிப்பார் என்பது வேறு கேள்வி.

ஆனாலும் எழுத்தில் பதிந்த நிலைப்பாடுகளைப் பார்த்தால், இலட்சியம் வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியவில்லை. 1996 இல், செய்தியைப் பிறர் வாசிக்க முடியாதவாறு மாற்றும் வலுவான மறைகுறியாக்கத்தை அரசாங்கங்கள் கட்டுப்படுத்த முயன்றபோது, அதை எதிர்க்கும் ஆவணத்துக்கு 1984 என்ற இலக்கத்தை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். கண்காணிப்பு அரசைப் பற்றிய ஓர்வெலின் நாவலின் தலைப்பு அது. 2000 ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 2804 ஊடாக, ஒட்டுக்கேட்பதற்கான வசதியைத் தமது நியமங்களின் தேவையாகக் கருதுவதில்லை என்று அறிவித்தார்கள். 2004 இல் தமது பணி பற்றிய ஆவணத்தில் இணையம் விழுமியங்கள் அற்ற நடுநிலைப் பொருள் அல்ல, செயற்படையும் அப்படியல்ல என்று ஒப்புக்கொண்டார்கள். ‘நாங்கள் வெறும் பொறியியலாளர்கள்’ என்று ஒதுங்குவது எளிது; இந்த ஒரு வசனத்தால் அந்தக் கதவைத் தாமே அடைத்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது அதை வாசித்தபோதுதான்.

நல்ல மனசோட செய்தால் பிழை வராதுதானே?

வரும், சில பிழைகள் நல்ல மனதினாலேயே வந்தவை. 1982 இல் ஜொன் பொஸ்டல் எழுதிய மின்னஞ்சல் நடப்பொழுங்கில், அனுப்புநர் என்று எழுதப்பட்டிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகத்தில் அது தேவைப்படவில்லை. வங்கியின் பெயரில் உங்கள் அம்மாவின் கைபேசிக்கு வரும் போலி மின்னஞ்சலின் வேர் அங்கே இருக்கிறது.

வலையமைப்புகள் தமக்குள் பாதையைச் சொல்லிக்கொள்ளும் பி.ஜி.பி. என்ற நடப்பொழுங்கின் கதையும் இதுவே. 1989 இல் உணவு மேசையில், கைதுடைக்கும் தாள்களில் அதன் முதல் வரைபைப் பொறியியலாளர்கள் கீறினார்கள். ‘இந்த முகவரிகள் என்னிடம் உள்ளன’ என்று ஒரு வலையமைப்பு சொன்னால் அயலவர் நம்புவதே அதன் அடிப்படை. 2008 பெப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் தடுக்க முயன்ற ஒரு பாகிஸ்தானிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அறிவிப்பு வெளியே கசிய, உலகின் பெரும்பகுதிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூப் மறைந்துபோனது. பாதை அறிவிப்பைக் கையொப்பத்தால் உறுதிப்படுத்தும் ஏற்பாட்டின் கட்டமைப்பு 2012 இல் ஆர்.எஃப்.சி. 6480 ஆக வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் வேலை இன்னும் முடியவில்லை.

அப்ப நட்டம் வந்தால் ஆர் பொறுப்பு? வழக்குப் போடலாமோ?

இதைக் கேட்டவர் கிண்ணியாவிலிருந்து மகளை அழைத்துவரும் ஒரு தகப்பன். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது ஆட்களை ஏற்றிக்கடக்கும் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை நினைத்தே அவர் கேட்டார் என்பது எனக்கு விளங்கியது. அந்தத் துயரத்தில், அனுமதி கொடுத்தது யார், பரிசோதித்தது யார் என்று கேட்பதற்கு முகவரிகளாவது இருந்தன.

நியமங்களுக்கு அப்படியொரு முகவரி இல்லை. ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் எவ்வித உத்தரவாதமும் இன்றி வெளியிடப்படுகின்றன. எழுதியவர்மீது வழக்குத் தொடர்வது நடைமுறையில் பொருளற்றது. 2014 ஏப்ரலில் அம்பலமான ஹார்ட்பிளீட் குறையை எடுத்துக்கொள்ளுங்கள். தளங்களுடனான தொடர்பை மறைகுறியாக்கிக் காக்கும் டிஎல்எஸ் என்ற நடப்பொழுங்குக்கான நீட்சியொன்று ஆர்.எஃப்.சி. 6520 இல் விவரிக்கப்பட்டது. அதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் நிரலாக்கியபோது ஒரு நீளத்தைச் சரிபார்க்கத் தவறிவிட்டார்கள். 2011 டிசம்பர் 31 அன்று அந்த நிரல் சேர்க்கப்பட்டது. உலகின் பாதுகாப்பான தளங்களில் பெரும்பங்கு அந்த மென்பொருளை நம்பியிருந்தது; அதைப் பராமரித்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அன்று உலகம் குறை கூறியது அந்தச் சிலரை. இலவசமாக எடுத்துப் பல கோடி சம்பாதித்த நிறுவனங்கள், பராமரிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் யோசித்தன. சட்டப் பொறுப்பு இல்லாத இடத்தில் மிஞ்சுவது பெயரும் பதிவும் மட்டுமே: ஒவ்வொரு ஆர்.எஃப்.சி.யின் தலையிலும் எழுதியவரின் பெயர் இருக்கிறது, விவாதம் முழுவதும் எவரும் வாசிக்கக்கூடியதாகப் பேணப்படுகிறது, பிழை கண்டால் பிழைதிருத்தம் சமர்ப்பிக்க வழியுண்டு. போதுமா என்றால், போதாது. ஆனால் பல அரசாங்கத் திணைக்களங்களில் இந்த அளவுகூடக் கிடைப்பதில்லை.

ஒரு தாடிக்காரர் முழு இன்டர்நெட்டையும் தன்ர கையில வச்சிருந்தவராமே?

மேலே சொன்ன ஜொன் பொஸ்டல்தான் அவர். இணைய இலக்கங்களையும், தளங்களின் பெயர்களான ஆள்களப் பெயர்களின் மூலப் பதிவையும் நீண்டகாலம் அவரே கவனித்துவந்தார். 1998 சனவரி 28 அன்று, மூலச் சேவையகங்களை நடத்திய எட்டுப் பேரிடம், இனித் தன் கணினியை மூலமாகக் கொள்ளுமாறு கேட்டார், அவர்களும் செய்தார்கள். அமெரிக்க அரசாங்கம் அதிர்ந்தது. அது ஒரு பரீட்சார்த்தம் என்று சொல்லிச் சில நாட்களில் பழைய நிலைக்குத் திருப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் 55 வயதில் காலமானார். அரசரை நிராகரித்தவர்களிடம் அரசரைப் போன்ற ஒருவர் இருந்தார், அவர் நல்லவராக இருந்தது அதிர்ஷ்டம்.

நல்ல நியமத்தை எழுதிப்போட்டு, கம்பனிகள் கேக்காட்டி?

அதற்கு நேரடியான வரலாறு உண்டு. 1997 பெப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109, தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகள் பற்றியது. நீங்கள் பார்க்கும் தளத்தைச் சாராத மூன்றாம் தரப்பு குக்கிகளை உலாவிகள் இயல்பாக ஏற்கக் கூடாது என்று அது சொன்னது. விளம்பரக்காரர்கள் உங்களைத் தளத்துக்குத் தளம் பின்தொடர்வது எப்படி நிகழப்போகிறது என்பதை எழுதியவர்கள் அப்போதே கண்டிருந்தார்கள். பெரிய உலாவிகள் அந்த வரியைப் புறக்கணித்தன. 2011 இல் வந்த ஆர்.எஃப்.சி. 6265, உண்மையில் உலாவிகள் என்ன செய்கின்றனவோ அதையே விவரித்தது. ‘ஓடுகின்ற நிரல்’ என்ற தாரக மந்திரத்தின் மறுபக்கம் இது: ஓடுவது யாருடைய நிரலோ, அவருக்கே கடைசிச் சொல்.

மறைகுறியாக்கம் கள்ளனுக்கும் உதவுதே. அது பொறுப்பில்லாத வேலையில்லையோ?

ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் மகன் கேட்டது. வகுப்பில் இதற்கு முன் எழுந்ததிலேயே மிகக் கடினமான கேள்வி. அமெரிக்க உளவு அமைப்பின் மொத்தக் கண்காணிப்பை ஸ்னோடன் 2013 இல் வெளிப்படுத்திய பிறகு, 2014 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7258, எல்லோரையும் மொத்தமாகக் கண்காணிப்பதைத் தொழில்நுட்ப ரீதியான தாக்குதலாகவே கொள்ள வேண்டும் என்றது. கண்காணிப்பவர் அரசாங்கமா திருடனா என்று நடப்பொழுங்கால் பிரித்தறிய முடியாது என்பதே அதன் அடிநாதம். பொலிசுக்கு ஒரு சாவி வைத்தால், அந்தத் துவாரம் எல்லோருக்கும் துவாரந்தான்.

மறுபக்க வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன டிஎல்எஸ் நடப்பொழுங்கின் புதிய பதிப்பான 1.3 உருவானபோது, தமது சொந்தத் தரவு நிலையங்களுக்குள் மோசடியைக் கண்டறியத் தகவலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, பழைய சாவிமுறையை எடுக்காதீர்கள் என்று நிதித்துறையினர் 2016 இல் கேட்டுக்கொண்டார்கள். செயற்படை இணங்கவில்லை, 2018 ஆகஸ்டில் அந்த முறை இல்லாமலேயே நியமம் வெளியானது. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் ஐரோப்பிய தொலைத்தொடர்பு நியம நிறுவனத்தின் ஊடாக, பார்க்கக்கூடிய வேறொரு வடிவம் வெளிவந்தது. ஒரு வாசலில் மறுத்தால் அடுத்த வாசலுக்குப் போகலாம். ஆகவே ‘முடியாது’ என்று சொல்வதால் ஒரு விடயம் நடக்காமல் போகும் என்று நம்ப வேண்டாம். தன் பெயரில் நடக்கவில்லை என்பதுதான் உறுதி. அந்த உறுதிக்கு மதிப்பிருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பையன் இன்னும் உடன்படவில்லை.

இஞ்ச 2018லயும் 2019லயும் பேஸ்புக்கைப் பூட்டினவங்கள்தானே. அப்ப உவங்கள் என்ன செய்தவங்கள்?

2018 மார்ச் மாதக் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. செயற்படையால் எந்த அரசையும் தடுக்க முடியாது. அவர்கள் செய்தது சிறியது: 2016 இல் ஆர்.எஃப்.சி. 7725, சட்டக் காரணத்தால் ஒரு பக்கம் மறுக்கப்படும்போது 451 என்ற இலக்கத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று வரையறுத்தது. பக்கம் காணாமல்போனால் வரும் 404 க்குப் பதிலாக, ‘மறைத்திருக்கிறார்கள்’ என்று ஒளிவின்றிச் சொல்லும் இலக்கம். மறைப்பவர் நேர்மையாக இருந்தால்தான் அது பயன்படும் என்பது உண்மைதான்.

தமிழுக்கு இவங்கள் என்ன செய்தவங்கள்? செய்தது நல்லதோ கெட்டதோ?

1991 இல் யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்தியாவில் வகுக்கப்பட்ட ஒழுங்கைத் தழுவியே வைத்தார்கள். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லை. ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறியீடு. வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் அது 30 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 இடம். அந்த எழுபதையும் கொம்பும் விசிறியும் தின்னும். 2010 இல் தமிழ்நாட்டு அரசு, எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் வேறொரு முறையையும் ஏற்றது. யூனிகோட் மாறவில்லை, ஒருமுறை கொடுத்த குறியீட்டை ஒருபோதும் நீக்குவதில்லை என்பது அவர்களின் உறுதிமொழி.

இந்தப் பிடிவாதத்தை நான் குறைசொல்லமாட்டேன். பழைய எழுத்துரு மென்பொருள்களில் தட்டச்சுச் செய்த என் தந்தையின் கடிதங்கள் இன்று வெறும் கீறல்களாகத் திறக்கின்றன. ஆள்களப் பெயரில் 2010 முதல் ‘.இலங்கை’ இருக்கிறது; மின்னஞ்சல் முகவரியைத் தமிழில் வைக்க 2012 இல் ஆர்.எஃப்.சி. 6531 வழிசெய்தது. அப்படியொரு முகவரியைக் கொடுத்தால் எத்தனை படிவங்கள் ஏற்கின்றன என்று ஒருமுறை முயன்று பாருங்கள். நியமம் எழுதுவது ஒரு வேலை, அதைப் பரப்புவது வேறு வேலை. இரண்டாவதற்கு எவரும் தம்மைப் பொறுப்பாக நினைப்பதில்லை.

பிள்ளை, எங்கட ஊர் நேரம் எப்பிடி எல்லாப் போனுக்கும் தெரியுது?

ஒரு மாணவியின் அம்மம்மா கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1996 மே 25 அன்று இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள்; அக்டோபர் 26 அன்று அரை மணி பின்னுக்கு இழுத்தார்கள்; 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கு மீண்டோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. பத்து ஆண்டுகள், ‘பழைய நேரமோ புதிய நேரமோ’ என்று கேட்காமல் ஒரு சடங்குக்குப் போக முடியாது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குச் சாதகம் பார்க்கும் சாத்திரிமார் இன்றும் அதைக் கேட்கிறார்கள்.

உலகின் நேர மாற்றங்களை எல்லாம் பதிந்துவைத்திருக்கும் தரவுத்தளத்தை 1980களில் ஆதர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். பின்னர் போல் எகர்ட் பொறுப்பேற்றார். தன்னார்வலர்கள் அனுப்பும் செய்திகளே அதன் மூலம். பெரும்பாலான கைபேசிகளும் சேவையகங்களும் அதையே நம்புகின்றன. 2011 இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் பதிப்புரிமை கோரி இவ்விருவர்மீதும் வழக்குப் போட்டது. சில மாதங்களில் அது மீளப்பெறப்பட்டது. சேவைக்காகச் செய்யும் வேலைக்கும் நீதிமன்றப்படி ஏற நேரலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வழக்கு வந்தபின் செயற்படையும், முன்பு பொஸ்டல் கவனித்த இலக்கப் பதிவகமும் தரவுத்தளத்துக்குப் பாதுகாப்பான இடம் கொடுத்தன.

அந்தத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே வலயம். மற்ற நேரம் அதில் இல்லை. ஆனால் கோப்பைத் திறந்தால், கணினி வாசிக்காத குறிப்பு வரிகளில், புலிகள் பழைய நேரத்திலேயே இருந்தார்கள் என்ற 2006 ஆம் ஆண்டுச் செய்தியை யாரோ அக்கறையோடு பதிந்திருக்கிறார்கள். முதன்முதலில் அதைக் கண்டபோது சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தமது அட்டவணைக்குள் அடங்காத ஒன்றை அழித்துவிடாமல் பக்கத்தில் எழுதிவைத்தார்களே என்று மகிழ்வதா, குறிப்பு வரியோடு நின்றுவிட்டதே என்று வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

இஞ்சயிருந்து நாங்களும் சேரலாமோ? கேப்பாங்களோ?

சேரலாம். ஆவணங்கள் இலவசம், மின்னஞ்சல் விவாதங்களில் சேரக் கட்டணமில்லை, ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் கூட்டங்களில் இணையவழியாகப் பங்குபற்றலாம். நேரில் போவது வேறு கதை: விசா, பயணச்செலவு, வேலையில் விடுமுறை. 2020 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8890, இணையம் இறுதிப் பயனருக்கே உரியது, நலன்கள் முரண்பட்டால் அவரின் பக்கமே சாய வேண்டும் என்கிறது. நிலாவெளியில் மீன் விலையைக் கைபேசியில் பார்க்கும் சம்மாட்டியும் அந்தப் பயனர்தான். அவர் சார்பில் அறைக்குள் பேச எவரும் இல்லாதபோது, அவர் என்ன விரும்புவார் என்பதை மற்றவர்கள் ஊகிக்கிறார்கள்.

தொடங்குவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, ஓர் ஆவணத்தின் எடுத்துக்காட்டில் கூட்டல் பிழை இருப்பதாகக் காட்டினாள். பார்த்தோம், பிழை அவளுடையதுதான். ஆனால் அதைக் கண்டறிய அந்த ஆவணத்தை மூன்று முறை வாசித்திருந்தாள். வருகிற ஞாயிறு ஆர்.எஃப்.சி. 8890 ஐ வகுப்பில் சேர்ந்து வாசிக்கிறோம், பத்துப் பக்கமளவில்தான். அச்செடுத்து, அகராதியோடு வாருங்கள். பெற்றோரும் உள்ளே வந்து இருக்கலாம்.